பலகையில் ஒட்டிய டி.சி.

கொல்லிமலையில் நான் வேலை பார்த்த இடத்துக்குக் கலை முகாம் என்று பெயர். வாழவந்தி நாடு என்கிற ஊர்ப்பகுதியில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து அரை மணி நடந்தால் ஒரு மிளகுத் தோட்டம். அதன் நடுவில் சென்னைக்காரர் ஒருவர் கட்டிவிட்டுச் சும்மா போட்டிருந்த பெரிய வீடு. அங்கே ஆறு ஓவியர்கள் வந்து தங்கினார்கள். ஓவியர் என்று சொன்னால் அவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். மிக்ஸட் மீடியா ஆர்டிஸ்ட் என்று சொல்ல வேண்டும். அப்படியென்றால் என்னவென்று முதல் நாள் கேட்டேன். துணி, தகரம், காகிதம், மண், மயிர் என்று கிடைத்ததையெல்லாம் ஒரு பலகையில் சேர்த்துக் கையாலேயே செய்வது என்றார்கள். இதையேதான் பழைய சாமான் கடையில் நான் இரண்டு வருடம் செய்திருக்கிறேன். பலகை மட்டும் இல்லை.

நான் எட்டாவது பாதியில் நின்றவன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் மூன்று வருடம் சேர்ந்தாற்போல இருந்ததில்லை. போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் நாலு மாநிலம் சுற்றினேன். அதில் வலது கைச் சுண்டுவிரல் பாதி போனது. ஜவ்வரிசி ஆலையில் மாவுத் தொட்டி கழுவினேன். துறையூரில் வீடு வீடாகப் பழைய பேப்பர் எடுத்தேன். பேப்பர் எடுத்த பழக்கம் உண்டு என்பதால்தான் முகாமில் சேர்த்துக்கொண்டார்கள். சாமான் தேடிக் கொண்டுவர வேண்டும், பலகை தூக்க வேண்டும், குப்பை கொட்ட வேண்டும். கொட்டிய குப்பையைத் திரும்ப அள்ளி வரச் சொன்ன நாட்களும் உண்டு.

என் பாதி விரலைப் பார்த்து அவர்களில் ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப வலிச்சுதாண்ணா?"

"வலிச்சுதுங்க."

"அந்த வலிதான் எனக்கு வேணும்."

பிளாஸ்டர் மாவில் என் விரலை அழுத்தி அச்சு எடுத்துக்கொண்டார். அதைச் சிவப்புத் துணிமேல் ஒட்டி 'உழைப்பு' என்று பெயர் வைத்தார். விரல் போன அன்று நான் உழைக்கவே இல்லை. பைப்பில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஒவ்வொரு பலகைக்குக் கீழேயும் ஒரு அட்டை இருக்கும். இந்த வேலைக்கு இன்ஸ்பிரேஷன் என்ன என்று அதில் எழுத வேண்டும். இன்ஸ்பிரேஷன் முதலில் வரும், அதற்குத் தக்க சாமானை அப்புறம் தேடுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் பார்த்தவரை முதலில் தகரம் வந்தது, அதற்குப் பின்னால்தான் இன்ஸ்பிரேஷன் வந்தது. துருப்பிடித்த தகரத்தில் ஒருவர் ஏழடிக்கு ஒன்று செய்தார். மலைக்குடிகளின் கூரையில் தலைமுறை தலைமுறையாகப் பெய்த மழை என்று அட்டையில் எழுதினார். புளியஞ்சோலைப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையைப் பிரித்தபோது நான் வாங்கி லாரியில் ஏற்றிய தகரம் அது. மழை அதை ஒன்றும் செய்யவில்லை. அரித்ததெல்லாம் கோழி எச்சம். அதைச் சொன்னபோது அவர் என் தோளில் கை போட்டு, "இத யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணா" என்றார்.

கைவேலை தெரியாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களில் மூத்தவர் ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும். எல்லாரும் மேடம் என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். மேடம் காகிதத்தில் ஊசி போட்டால் காகிதம் கிழியாது. அவ்வளவு சீரான தையலை நான் தையல் கடையில்கூடப் பார்த்ததில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன தைப்பது என்பதில்தான் எல்லாக் கோளாறும்.

மேடம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எனக்குப் பழைய காகிதம் வேணும். கடையில எடைக்குப் போட்டது வேண்டாம். வீட்டுல இருக்கற காகிதம். கையெழுத்து இருக்கணும், முத்திரை இருக்கணும், கறை இருக்கணும். ஒரு குடும்பம் மூச்சுவிட்ட காகிதம்."

மொபெட்டில் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு அரியூர் நாட்டுக்குப் போனேன். ஒரு கட்டுப் பேப்பருக்கு ஒரு குடம். அங்கே ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மா மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். புருசன் இறந்து மூன்று வருடம். ஒரே மகள், ப்ளஸ் டூ முடித்துவிட்டு அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். குடத்தைப் பார்த்ததும் உள்ளே போய் உத்தரத்தில் தொங்கிய மஞ்சள் பையை எடுத்து வந்தார். ரேஷன் கார்டையும் பேங்க் புத்தகத்தையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே என் முன்னால் கவிழ்த்தார்.

"இதெல்லாம் என்னங்க?" என்றேன்.

"அவரு வெச்சிருந்த காயிதம் சாமி. கரண்டு பில்லு, உர மூட்டச் சீட்டு, என்னென்னமோ. எனக்குப் படிக்கவா தெரியும்? அந்தப் பச்சக் கொடத்தக் குடுங்க. வாய் அகலமா இருக்குது."

பச்சைக் குடத்தைக் கொடுத்தேன்.

முகாமுக்கு வந்து வாசலில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தேன். உரச்சீட்டுகளுக்கு நடுவே நாலாக மடித்த ஒரு பழுப்புக் காகிதம். ஊதா நிறத்தில் வட்ட முத்திரை, தலைமையாசிரியர் கையெழுத்து. டி.சி. என்று பார்த்ததும் தெரிந்தது. பள்ளியை விட்டு நிற்கும்போது கொடுப்பார்களே, அந்தச் சான்றிதழ். எனக்கும் ஒன்று இருந்தது. ரிக் லாரியில் எங்கேயோ தொலைந்தது. தொலைந்து எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. செத்தவர் டி.சி. யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன். மேடத்துக்கு முத்திரை பிடிக்குமே என்று அதைக் கட்டின் மேலாக வைத்துக் கொடுத்தேன். இதில் என் பங்கு அதுதான். குறைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

மேடம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுதான் மையம்" என்றார். ஐந்தடிப் பலகை ஒன்றின் நடுவில் அதை ஒட்டினார். சுற்றிலும் கரண்டு பில்லும் உரச்சீட்டும் செம்மண் குழம்பும். டி.சி. மேல் மெல்லிசாக நீலம் பூசி, எழுத்து வரிகளின் மேலேயே சிவப்பு நூலால் நெருக்கமாகத் தையல் போட்டார். கீழே அட்டை வைத்தார்: 'ரத்த வழி. ஒரு மலைக்குடும்பத்தின் நினைவு. இம்மண்ணில் விளைந்த மரவள்ளியின் கூழால், கையால் ஒட்டப்பட்டது.'

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அந்த அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் கையில் பச்சைக் குடம். வாசலில் என்னைப் பார்த்ததும் அதை என் காலடியில் வைத்தாள்.

"ஏனுங்கண்ணா, அரியூர்ல பேப்பரு வாங்குனது நீங்கதானுங்களா?"

"ஆமாம்."

"கொடத்த எடுத்துக்குங்க. எங்கப்பாவோட டி.சி.யக் குடுங்க."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவளுக்கு நர்சிங் படிப்புக்கு மார்க் இருந்தது. பன்னிரண்டு நாளில் கவுன்சிலிங். சாதிச் சான்றிதழ் இருந்தால் மலைக்காரர்களுக்கான ஒதுக்கீட்டில் இடம் கிடைத்துவிடும். இந்த மலைக்காரர்களின் சாதிப் பெயர் மலையாளி, கேரளாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்பா தனக்கென்று சாதிச் சான்றிதழ் வாங்கி வைக்கவே இல்லை. அவர் சாதி எழுதியிருந்த ஒரே காகிதம் அந்த டி.சி. மகள் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டிருந்தாள். மலைக்குக் கீழே உள்ள வருவாய்த்துறை ஆபீஸிலிருந்து, அப்பாவின் டி.சி.யை அசலாகக் கொண்டுவந்து காட்டு என்று சொல்லிவிட்டார்கள். காட்டாவிட்டால் நர்சிங் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்க வரும் வேனில் அவளை ஏற்றிவிடுவதாக மாமன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

"அது இருக்குது. ஆனா..." என்று சொல்லி உள்ளே கூட்டிப்போய்ப் பலகையைக் காட்டினேன்.

அவள் பலகைக்கு அருகில் போய் மூக்கு உரசும்படி நின்றாள். நீலத்துக்கு அடியில் அப்பாவின் பெயர் தெரிந்தது. மேடம் வந்தார். யார் என்று சொன்னேன். மேடம் அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீதான் அவரோட மகளா? ஐயோ! மூணு வாரமா உங்க அப்பாகூடத்தான் நான் பேசிட்டிருக்கேன்!"

"என்ன சொன்னாருங்க?"

மேடம் கையை விட்டுவிட்டார்.

அந்தப் பெண் குனிந்து அட்டையைப் படித்தாள். "மரவள்ளிக் கூழுல ஒட்டுனதுன்னு போட்டிருக்குதுங்களே. அப்ப ஈரத்துணி போட்டு வெச்சா வந்துரும். எங்கூட்டுல செவுத்துல கேலண்டரு அதுலதானுங்க ஒட்டறது. மழ பேஞ்சா தானா வுழுந்துரும்."

மேடம் குனிந்து அட்டையை நேராக்கினார். நான் அவரைப் பார்த்தேன். பசை டப்பாக்களைக் கொட்டியவன் நான்தானே, எனக்குத் தெரியும். கடைசியில் அவரே சொன்னார்: "கூழ் மேலாப்ல ஒரு கோட்டிங்தாம்மா. அடியில கடைப் பசை. அதுக்கு மேல வார்னிஷ் வேற."

"அப்பொறம் கூழுன்னு எதுக்குங்க எழுதுனாங்க?" என்று அம்மா என்னிடம் கேட்டார்.

"அது இன்ஸ்பிரேஷனுங்க" என்றேன்.

மகள் பலகையைத் தட்டிப் பார்த்தாள். "ரம்பம் இருக்குதுங்களா? அந்தத் துண்ட மட்டும் அறுத்துக் குடுத்துருங்க."

"அது இல்லேன்னா இந்த ஒர்க்கே இல்லம்மா."

"எனக்கும் அதே கததானுங்க."

இதற்குள் மற்ற ஐந்து பேரும் கூடிவிட்டார்கள். தகரக்காரர் கலர் ஜெராக்ஸ் எடுக்கலாம் என்றார். "எடுத்துட்டுப் போயி ஆபீஸ்ல நீங்களே குடுத்துப் பாருங்க" என்றாள். ஒருவர் இந்தச் சண்டையையே ஒரு படைப்பாகச் செய்யலாம், அம்மாவும் மகளும் பலகைக்கு இரண்டு பக்கமும் நிற்கட்டும் என்றார். இன்னொருவர் காகிதம் யாருக்குச் சொந்தம் என்று பேச ஆரம்பித்து, இடையில் இங்கிலீஷுக்குப் போய்விட்டார். இவர்களில் ஒருவர்கூட கவுன்சிலிங் என்றைக்கு என்று கேட்கவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்து சேலை முந்தானையால் பலகையின் ஓரத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தான் கவிழ்த்துக் கொடுத்த பை என்ற குறுகல் அந்த முகத்தில் இருந்தது.

"அசலத்தான காட்டச் சொல்றாங்க? பலகையோட தூக்கிட்டுப் போயிக் காட்டிருவோம்" என்றேன்.

அப்படி ஒரு யோசனை எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. ரிக்கில் கழற்ற முடியாத பாகத்தை லாரியோடு ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோவோம், அந்தப் பழக்கமாக இருக்கலாம். மேடம் யோசித்தார். பலகை தனியாகப் போகக் கூடாது, தானும் வருவேன் என்றார். கீறல் விழுந்துவிடுமாம்.

மறுநாள் ஒரு பிக்கப் வண்டி பிடித்தோம். பலகையைப் போர்வையில் சுற்றி நெட்டுக்குத்தாக நிறுத்தி, நானும் அந்தப் பெண்ணும் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றோம். அம்மாவும் மேடமும் முன்னால். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஐந்தாவது வளைவிலேயே மேடம் ஜன்னல் வழியாக வாந்தி எடுக்கத் தொடங்கிவிட்டார். "எலுமிச்சம்பழத்த மோந்து பாருங்க கண்ணு" என்று அம்மா தலையைப் பிடித்துவிடுவது பின்னால் எங்களுக்குக் கேட்டது.

அந்தப் பெண் என்னிடம் கேட்கத் தொடங்கினாள்.

"நீங்க படிச்சிருக்கீங்களா?"

"எட்டு."

"அப்ப டி.சி.ன்னு பாத்ததும் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா?"

வளைவில் பலகை என் மேல் சாய்ந்தது. அதைத் தள்ளி நிறுத்தினேன்.

"எங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, குடுத்துருச்சு. அந்த மேடத்துக்கு அது படம். உங்களுக்கு என்னங்க?"

"செத்தவர் பேப்பர்தானேன்னு நெனச்சேன்."

"செத்தா அப்பா இல்லைன்னு ஆயிருமா?"

கடைசி வளைவு வரைக்கும் நான் பலகையை விட்டுக் கையை எடுக்கவில்லை. அவளும் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஆபீஸ் வாசலில் காவல்காரர் தடுத்தார். "கண்காட்சி கலெக்டர் ஆபீஸ் மைதானத்துல. இங்க இல்ல." உள்ளே எழுத்தர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "இதை ஃபைல்ல எப்படிம்மா கோக்கறது? ஆணி அடிக்கறதா?" என்றார். மனு கொடுக்க வந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்று சிரித்தார்கள். யாரும் பலகையைத் தொட்டுவிடாமல் மேடம் கையை விரித்துக்கொண்டு நின்றார். அரங்குகளில் ஆட்கள் வந்து பார்ப்பதற்காகவே அவர் செய்வது இது. இங்கே நாற்பது பேர் வந்து பார்த்தார்கள், அவருக்குப் பிடிக்கவில்லை.

அதிகாரி ஒரு பெண். சத்தம் கேட்டு வெளியே வந்தார். மகள் விண்ணப்ப எண்ணைச் சொல்லி, நடந்ததை நாலே வரியில் சொன்னாள். அதிகாரி கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தார்.

"பேரு தெரியுது. அவரோட அப்பா பேரு தெரியுது. ஸ்கூல் பேரு இருக்கு. சேர்க்கை எண்ணும் சாதியும் இருக்கற வரிதான் வேணும். அதுமேல என்ன இது, தையல்? நூலை எடுங்க."

மேடம் மூச்சை இழுத்துக்கொண்டார். "மேடம், இந்த நூல்தான் இதுல முக்கியம். ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போற ரத்த வழி..."

"நானும் ரத்த வழியைத்தான் பாக்கணும். எடுங்க."

மேடம் கைப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார். அந்த ஒரு நிமிடம் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வரப் பார்த்தது. இரவு பகலாகப் போட்ட தையல் அது, நான் பார்த்திருக்கிறேன். அதற்குள் தன் போனை என்னிடம் நீட்டி, "கையை மட்டும் வீடியோ எடுங்க" என்றார். எடுத்தேன். நாலாவது தையலில் நிறுத்தி, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று கேட்டார். அந்தப் பெண் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். வெளிச்சம் சரியாக இருக்கிறது என்று அவள்தான் சொன்னாள்.

நூல் போனதும் ஊசித் துளைகளுக்கு நடுவே வரி தெரிந்தது. அதிகாரி எண்ணைப் படித்தார். சாதியையும் படித்தார்.

"சரி. ஆனா துளையும் சாயமுமா இருக்கற இதை நான் ஏத்துக்க முடியாதும்மா."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பதறாதீங்க. சேர்க்கை எண் கெடச்சிருச்சு. பள்ளிக்கூடத்துப் பெரிய ரிஜிஸ்டர்ல இதே எண்ல எல்லாம் இருக்கும். ஹெட்மாஸ்டர்கிட்ட அந்தப் பக்கத்தோட நகல் வாங்கிட்டு வாங்க, போதும். இந்தப் பலகையைத் தூக்கிட்டே வந்திருக்க வேண்டாமே. மலையிலயே நூலை வெட்டி நம்பரைக் கையில எழுதிட்டு வந்திருக்கலாம்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உலகமெல்லாம் சுற்றிய ஆறு பேருக்கும் தோன்றவில்லை, நாலு மாநிலம் சுற்றிய எனக்கும் தோன்றவில்லை. அந்தப் பெண் எழுத்தரின் மேஜையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எண்ணை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து, வழியில் வேர்வையில் அழிந்துவிடுமோ என்று இன்னொரு கையிலும் எழுதிக்கொண்டாள்.

திரும்பும்போது அம்மாவும் மகளும் எங்கள் வண்டியில் ஏறவில்லை. பள்ளி மலைமேல்தான், அந்த வழியாகத்தான் போகிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். "நாங்க பஸ்ஸுல வாரோங்க" என்று சொல்லிவிட்டாள். கோடை விடுமுறை. தலைமையாசிரியரை வீட்டிலிருந்து கூட்டி வந்து, பீரோவைத் திறக்கச் சொல்லி, மூன்று பெரிய நோட்டுகளைப் புரட்டியதாக அப்புறம் கேள்விப்பட்டேன். மூன்றாவதில் இருந்ததாம்.

முகாமின் கடைசி நாள் சென்னையிலிருந்து ஆட்கள் காரில் வந்து எல்லாவற்றையும் பார்த்தார்கள். மேடத்தின் பலகைக்குக் கீழே புது அட்டை. 'அறுபட்ட வழி' என்று பெயர் மாறியிருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன டி.வி.யில் கத்தரிக்கோல் நூலை வெட்டிக்கொண்டே இருந்தது. அரசும் நினைவும் மோதிக்கொள்ளும் இடத்திலிருந்து இன்ஸ்பிரேஷன் வந்ததாம். ஒருவர் டி.வி. முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறவரை அன்றுதான் பார்த்தேன். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டீர்களா என்று மேடத்திடம் கேட்டேன். "கூப்பிட்டிருக்கலாம், இல்ல?" என்றார். பிறகு யாரோ கைகுலுக்க வந்துவிட்டார்கள்.

நான் மிச்சப் பசையையும் கிழிந்த காகிதத்தையும் குழியில் கொட்டிவிட்டு, என் பையை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தேன். ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்தில் ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பஸ் நிற்கும் இடத்தில் அந்த அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். கவுன்சிலிங்குக்குப் புறப்பட்டவர்கள்.

"கெடச்சுதா?" என்றேன்.

அவள் பிளாஸ்டிக் கவரிலிருந்து சான்றிதழை எடுத்துக் காட்டினாள். நான் கை நீட்டினேன். அவள் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கையில எல்லாம் குடுக்க மாட்டேனுங்க. அங்கியே நின்னு படிங்க."

நின்ற இடத்திலிருந்தே சத்தமாகப் படித்தேன். அவள் பெயர், அப்பா பெயர், ஊர், சாதி.

"அவரு பேரு போட்டிருக்குதா சாமி?" என்று அம்மா கேட்டார்.

"போட்டிருக்குதுங்க."

"இன்னொருக்கா படிங்க."

படித்தேன். மூன்றாவது முறை படித்துக்கொண்டிருக்கும்போது பஸ் வந்துவிட்டது. மகள் சான்றிதழைக் கவருக்குள் வைத்து, கவரை ரவிக்கையோடு அணைத்துக்கொண்டு, அம்மாவை முதலில் ஏற்றினாள்.